முத்திரைக் கோலும் வசந்தாமணியின் செட்டும்

சேலத்துக்கும் ஈரோட்டுக்கும் இடையில் இன்றைக்கு ஹாம் வானொலியில் பேசுகிறவர்களில் பாதிப் பேர் வசந்தாமணி மாற்றிக்கொடுத்த செட்டில்தான் பேசுகிறார்கள். நானும் அவர்களில் ஒருவன். ஒரு காலத்தில் ஜப்பான் செட் வைத்திருக்கிறேன் என்று காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு திரிந்தவன் நான். அந்த ஜப்பான் செட் இப்போது என் துணிக்கடையில் பில் காகிதம் பறக்காமல் பார்த்துக்கொள்கிறது. அதற்குத் தகுதியான வேலைதான்.

ஹாம் என்றால் என்னவென்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான். அது அரசாங்கத்தின் உரிமத்தோடு பிடிக்கிற பைத்தியம். பரீட்சை எழுதித் தேறி, சொந்தமாக ஒரு வயர்லெஸ் செட் வைத்து, முகம் தெரியாத மனிதர்களோடு பேசலாம். வியாபாரம் பேசக் கூடாது, அரசியல் பேசக் கூடாது, நமக்கென்று ஒதுக்கிய அலைவரிசையை விட்டு ஒரு இம்மி நகரக் கூடாது. எண்பதாம் வருஷம் சேலத்தில் இந்தப் பைத்தியம் பிடித்தவர்கள் ஆறு பேர் இருந்தோம். ஏழாவதாக சங்ககிரியிலிருந்து ஒரு பெண் வருகிறாராம், மோட்டார் காயில் கட்டுகிறவராம் என்று கேள்விப்பட்டபோது நாங்கள் சிரித்தோம். அதிகம் சிரித்தவன் துணிக்கடை அர்த்தநாரி, அதாவது நான்.

வசந்தாமணி பள்ளிபாளையம் பக்கத்துப் பெண். எஸ்.எஸ்.எல்.சி. தேறிய கையோடு சங்ககிரி சின்னராஜுக்குக் கட்டிக்கொடுத்துவிட்டார்கள். சின்னராஜுக்கு நெடுஞ்சாலை ஓரத்தில் மோட்டார் ரீவைண்டிங் கடை. கிணற்று மோட்டார் புகைந்து போனால் விவசாயிகள் மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு வருவார்கள். கருகிய கம்பியை வெட்டி எடுத்து, எத்தனை சுற்று என்று எண்ணி, புதுக் கம்பி சுற்றி, வார்னிஷ் ஊற்றிக் காயவைத்துக் கொடுக்க வேண்டும். கல்யாணமான இரண்டாம் வருஷமே சுற்றுகிற வேலை முழுவதும் வசந்தாமணி கைக்கு வந்துவிட்டது. சின்னராஜ் பேரிங் மாற்றுவார், ஷாஃப்ட் நேராக்குவார், வாசலில் நின்று பேசுவார். "சின்னராஜு கட்டுன மோட்டாரு பத்து வருசம் ஓடும்" என்று ஊரே சொல்லும். சின்னராஜ் ஒவ்வொரு முறையும் "நான் இல்லீங்க, ஊட்ல கட்டறதுங்க" என்பார். தன்னடக்கம் என்று நினைத்துக்கொண்டு போவார்கள்.

எழுபத்தாறில் யாரோ ஒரு லாரிக்காரர் பாட்டுக் கேட்காத ரேடியோ ஒன்றைக் கொண்டுவந்து கடையில் போட்டுவிட்டுப் போனார். வசந்தாமணி அதைப் பிரித்துச் சரி செய்து முள்ளைத் திருப்பிக்கொண்டிருந்தபோது, பாட்டுமில்லை செய்தியுமில்லை, இரண்டு ஆண்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் பெங்களூரில், ஒருவர் கொழும்பில். உங்கள் ஊரில் மழையா என்று ஒருவர் கேட்டார். ஆமாம், நேற்றிலிருந்து என்றார் மற்றவர். அவ்வளவுதான். "அந்த மழையைப் பத்திக் கேட்டதுல இருந்து எனக்குச் சோறு எறங்கலீங்கண்ணா" என்று பின்னாளில் என்னிடம் சொன்னார்.

மதராஸில் பரீட்சை. தந்திக் குறியீட்டில் இரண்டு முறை கோட்டை விட்டார். மூன்றாம் முறைக்கு சின்னராஜ்தான் வாத்தியார். கையில் ஒரு ஸ்பேனர், எதிரே ஒரு காலி மோட்டார் கூடு, பக்கத்தில் விரித்துவைத்த புத்தகம். அவர் தட்டத் தட்ட, வசந்தாமணி காயில் சுற்றிக்கொண்டே எழுத்தைச் சொல்வார். மோட்டாருக்குள் என்ன தேடுகிறார் இந்த மனிதர் என்று வந்தவர்கள் எல்லாம் எட்டிப் பார்த்தார்களாம். எண்பதில் உரிமம் தபாலில் வந்தது. வி.யூ.டூ என்று தொடங்கும் அழைப்புக்குறி, கீழே வசந்தாமணி என்று தட்டச்சில் பெயர்.

அந்தக் காகிதம் அவருக்கு என்னவாக இருந்தது என்பது எனக்கு வெகுநாள் புரியவில்லை. காடு கழனி மாமனார் பெயரில், கடை புருஷன் பெயரில், ரேஷன் கார்டில் "மனைவி" என்ற இடத்தில் ஒரு வரி. அவர் பெயரைத் தலைப்பில் போட்டு அரசாங்கம் அனுப்பிய காகிதம் அது ஒன்றுதான். கண்ணாடி போட்டு, சாமி படங்களுக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தார்.

உரிமம் இருந்தது, செட் இல்லை. எங்களில் இரண்டு பேருக்கு வெளிநாட்டு உறவினர்கள் அனுப்பிய செட் இருந்தது. மற்றவர்கள் எங்கள் செட்டில் வந்து பேசிவிட்டுப் போவார்கள். வசந்தாமணி அப்படி யார் வீட்டுக்கும் வரவில்லை. எண்பத்திரண்டில் பள்ளிபாளையம் பழைய இரும்புக் கடையில், செங்கல் கனத்தில் இரண்டு வயர்லெஸ் செட் கிடப்பதாக அவருடைய அண்ணன் சொல்லியனுப்பினார். சங்ககிரிக்கு மேற்கே உள்ள ஒரு சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில், ஜீப்பில் வைத்திருந்த செட்டுகள். சுரங்கத்துக்காரர்கள் புதுசு வாங்கிக்கொண்டு பழசைக் கழித்துவிட்டார்கள். வசந்தாமணி இரண்டையும் சாக்கில் போட்டுக்கொண்டு பஸ்ஸில் ஏறிவிட்டார்.

சுரங்கத்தின் அலைவரிசை வேறு, எங்களுடையது வேறு. அவர்களுடையது மேலே, நூற்றைம்பத்து மூன்று மெகாஹெர்ட்ஸைத் தாண்டி. எங்களுடையது கீழே, நூற்று நாற்பத்தைந்தரை. செட்டைக் கீழே இறக்க வேண்டும். அதற்கு இரண்டு வேலை. முதல் வேலை கிரிஸ்டல் மாற்றுவது. கிரிஸ்டல் என்பது நகத்தளவு தகரக் கூட்டுக்குள் இருக்கும் ஒரு கல் சில்லு. அது துடிக்கிற வேகம் மாறாது. அதைப் பதினெட்டு மடங்காக்கி செட் வெளியே அனுப்பும். ஆனால் பதினேழு மடங்கு, பத்தொன்பது மடங்கு என்று வேண்டாத விருந்தாளிகளும் மெல்லக் கூடவே வருவார்கள். அவர்களில் யாரை வளர்த்து வாசலுக்கு அனுப்புவது என்று தீர்மானிப்பவை உள்ளே இருக்கும் சின்னச் சின்னக் கம்பிச் சுருள்கள். அந்தச் சுருள்களைத் திருத்துவது இரண்டாவது வேலை.

கிரிஸ்டல் பெங்களூரிலிருந்து தபாலில் வந்தது. சுருள் என்ன பிரமாதம்? பத்து வருஷமாக அவர் கை சுற்றாத சுருளா? செட்டில் இருந்தது மூன்று சுற்றுச் சுருள்கள். வசந்தாமணி ஒவ்வொன்றிலும் ஒரு சுற்றைக் கழித்து இரண்டாக்கினார்.

ஏன் கழித்தார் என்பதைச் சொல்லியாக வேண்டும். எங்கள் பக்கம் கோடை வந்தால் கரண்ட் வரும், வேகம் வராது. இருநூற்று முப்பது இருக்க வேண்டிய வோல்டேஜ் நூற்று அறுபதில் தள்ளாடும். மோட்டார் முனகிக்கொண்டு நிற்கும். அப்போது ரீவைண்டிங் கடைக்காரர் சுற்றைக் குறைத்து, கம்பியைத் தடிப்பாக்கிக் கட்டிக்கொடுப்பார், மோட்டார் ஓடும். கீழே இருப்பதில் ஓட வேண்டுமென்றால் சுற்றைக் குறை. சேலம் ஜில்லாவில் எந்தக் கடையில் எழுப்பிக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். வசந்தாமணியின் விரல்கள் அதைத்தான் செய்தன.

தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு அவர் அழைப்பது, சேலத்தில் நான் கேட்பது என்று ஏற்பாடு. முதல் நாள் என் ஜப்பான் செட்டில் ஒன்றும் இல்லை. இரண்டாம் நாள் ஒன்றும் இல்லை. மூன்றாம் நாள் கூட்டாளிகளைக் கூட்டி வைத்துக்கொண்டு, "மோட்டார் காயிலும் ரேடியோ காயிலும் ஒண்ணாய்யா?" என்று கேட்டு நானே சிரித்தேன். இப்போது நினைத்தாலும் என் கன்னத்தில் நானே இரண்டு வைக்கலாம் போலிருக்கிறது.

நான்காம் நாள் காலையில் சங்ககிரிக் கடை வாசலில் ஒரு சைக்கிள் வந்து நின்றது. இறங்கியவர் சுரங்கத்து வாட்ச்மேன் செங்கோட்டையன். கூரை மேல் நின்ற ஏரியல் கம்பத்தைப் பார்த்தார், உள்ளே எட்டிப் பார்த்தார்.

"ஏனுங்கம்மா, சாயங்காலமானா வயர்லெஸ்ல பேசறது நீங்கதானுங்களா?"

வசந்தாமணி சுற்றிக்கொண்டிருந்த கம்பியைக் கீழே வைத்தார். "நீங்க கேட்டீங்களா?"

"கேட்டனாவா? நானும் மூணு நாளா 'கேக்குதுங்கம்மா, கேக்குதுங்கம்மா'ன்னு தொண்டை கிழியக் கத்தறனுங்க. நீங்க என்னடான்னா 'யாருக்குமே கேக்கலீங்களா, யாருக்குமே கேக்கலீங்களா'ன்னு கேட்டுட்டே இருக்கறீங்க. மனசு கேக்கல, அதான் ஒரு எட்டு வந்து சொல்லீட்டுப் போலாம்னு வந்தனுங்க."

அவர் பேச்சு சுரங்கத்துக்குப் போயிருக்கிறது. செங்கோட்டையன் திருப்பிப் பேசியது வசந்தாமணிக்கு வரவில்லை; அவர் காது எங்கள் அலைவரிசையில் அல்லவா இருந்தது! செங்கோட்டையன் போகிற போக்கில் இன்னொன்றும் சொன்னார். "எங்க மேனேஜரு மட்டும் சள்ளுபுள்ளுங்கறாருங்க. மெட்ராசுக்குக் காயிதம் போட்டுட்டாரு."

மேனேஜரைக் குறை சொல்ல முடியாது. சுரங்கத்தில் வெடி வைக்கிற நேரத்தில் செட்டில் வேறு குரல் வரக் கூடாது. ஒரு வாரத்தில் மதராஸ் வயர்லெஸ் ஆபீஸிலிருந்து பதிவுத் தபால் வந்துவிட்டது. பதினைந்து நாளில் ஆய்வாளர் வருவார். செட் ஒதுக்கிய அலைவரிசைக்கு வெளியே இருப்பது தெரிந்தால் செட் பறிமுதல், உரிமம் ரத்து.

செய்தி கேட்டு நான் சங்ககிரிக்குப் போனேன். ஆறுதல் சொல்லப் போனேன் என்று எழுதிக்கொள்ள ஆசைதான். வேடிக்கை பார்க்கத்தான் போனேன். கடையில் மோட்டார் எதுவும் ஓடவில்லை. வசந்தாமணி செட்டைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அழுது முடித்த முகம்.

"ஏனுங்கண்ணா, கீழ எறக்கறதுக்குத்தானே ஒரு சுத்து கழிச்சேன்? அப்பறம் ஏனுங்க மேலயே நிக்குது?"

எனக்குத் தெரியவில்லை. ஜப்பான் செட் வைத்திருந்த எனக்கு, அதன் மூடியைக்கூடத் திறந்து பார்க்காத எனக்கு எப்படித் தெரியும்? நான் வைத்திருந்த தடிப் புத்தகத்தைப் புரட்டினோம். ஒரு படத்துக்குக் கீழே இருந்தது. சுற்று கூடினால் அலைவரிசை இறங்கும். குறைந்தால் ஏறும்.

வசந்தாமணி இரண்டு கையாலும் தலையில் அடித்துக்கொண்டார். "வோல்டேஜுக்குக் கட்டறாப்பல கட்டிப்போட்டனே! தலைகீழா கட்டிப்போட்டனே!" என்றார். இறங்க வேண்டிய சுருள்கள் இன்னும் மேலே ஏறி, பதினெட்டு மடங்கை விட்டுவிட்டுப் பத்தொன்பதைப் பிடித்து வளர்த்திருக்கின்றன. அந்தப் பத்தொன்பது, கெட்ட நேரத்துக்கு, சுரங்கத்தின் அலைவரிசை மேலே போய் விழுந்திருக்கிறது.

"சரி, இப்ப தெரிஞ்சுபோச்சல்ல, கட்டிப்போடு" என்றார் சின்னராஜ்.

"கட்டிப்போடறதுக்கு நாழியாகாதுங்க மாமா. எறங்கிருச்சான்னு எதை வெச்சுப் பாக்கறது?"

அதுதான் சிக்கல். அலைவரிசையை அளக்கிற கருவி அன்றைக்கு எங்கள் ஜில்லாவில் எந்தத் தனி ஆளிடமும் இல்லை. என் செட்டில் கேட்டால் பதினெட்டு வருகிறது என்று தெரியும். பத்தொன்பது கூடவே போகவில்லை என்று யார் சொல்வது? வசந்தாமணி புத்தகத்தை விடாமல் புரட்டிக்கொண்டிருந்தார். ஒரு பக்கத்தில் நின்றார். படத்தில் இரண்டு கம்பிகள் பக்கத்தில் பக்கத்தில் நீளமாக ஓடின. கம்பிகளின் ஒரு முனையில் செட்டின் சக்தியைக் கொடுத்து, கம்பிகளின் குறுக்கே ஒரு சின்ன பல்பைத் தள்ளிக்கொண்டே போனால் ஓரிடத்தில் எரியும், அணையும், மறுபடி ஓரிடத்தில் எரியும். எரிகிற இரண்டு இடத்துக்கும் நடுவே உள்ள தூரம் அலையின் நீளத்தில் சரிபாதி.

பேனாவை எடுத்துக் கணக்குப் போட்டோம். எங்கள் அலைவரிசையாக இருந்தால் அந்தத் தூரம் ஒரு மீட்டரைத் தாண்டி இரண்டு மூன்று சென்டி. சுரங்கத்தினுடையதாக இருந்தால் ஒரு மீட்டருக்கு இரண்டு மூன்று சென்டி குறைச்சல்.

வசந்தாமணி என்னை நிமிர்ந்து பார்த்தார். "அண்ணா, உங்க கடைல துணி அளக்கற மீட்டர் கோல் இருக்குமல்லங்க? முத்திரை போட்டது?"

இருந்தது. வருஷா வருஷம் எடையளவு ஆபீஸ்காரர்கள் வந்து இரண்டு முனையிலும் முத்திரை குத்திவிட்டுப் போகிற இரும்புக் கோல். அடுத்த பஸ்ஸில் சேலம் போய், வியாபார நேரத்தில் அதை எடுத்துக்கொண்டு மறுபடி சங்ககிரிக்கு வந்தேன். வேடிக்கை பார்க்க வந்தவன் எப்போது வேலைக்காரனாக மாறினேன் என்று எனக்கே தெரியவில்லை.

கடையில் கம்பிக்கா பஞ்சம்? தூணிலிருந்து பெஞ்சு வைஸ் வரைக்கும் விரல் இடைவெளியில் இரண்டு செப்புக் கம்பிகளை சின்னராஜ் விறைப்பாக இழுத்துக் கட்டினார். முதலில் தப்பான சுருளோடே பார்க்கச் சொன்னார் வசந்தாமணி. அளவு உண்மை சொல்கிறதா என்று தெரிய வேண்டுமாம். டார்ச் பல்பைத் தள்ளினார். பளிச்சென்று எரிந்த இடத்தில் கோலின் நுனியை வைத்தேன். பல்பு அணைந்தது, நகர்ந்தது, மறுபடி எரிந்தது. கோல் முடிவதற்கு இரண்டு விரல் முன்னாலேயே எரிந்தது. சுரங்கம்தான். வசந்தாமணி அதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டார். அந்தச் சந்தோஷம் எனக்குப் புரியச் சற்று நேரமானது.

பிறகு நான்கு சுற்று. அன்றைக்கு நடக்கவில்லை. பல்பு மங்கலாக மூன்று இடத்தில் எரிந்தது. ஒரு சுருள் இறங்கினால் இன்னொன்று முரண்டு பிடித்தது. இடுக்கியால் சுற்றுகளை நகத்தளவு விரிப்பது, நெருக்குவது, பல்பைத் தள்ளுவது என்று ஐந்து நாள் போனது. ஆறாம் நாள் நான் போனபோது கோலின் நுனியில் முத்திரையைத் தாண்டி, இரண்டு விரல் தள்ளி, பல்பு ஒரே இடத்தில் வெள்ளையாக எரிந்துகொண்டிருந்தது. முதலில் எரிந்த இடத்துக்கும் அதற்கும் நடுவே எங்கும் ஒளி இல்லை. சின்னராஜ் எழுந்து போய் எங்கள் மூன்று பேருக்கும் இளநீர் வெட்டிக்கொண்டு வந்தார்.

ஆய்வாளர் சித்திரை மாத வெயிலில், பகல் பதினொரு மணிக்கு ஜீப்பில் வந்தார். கண்டிப்பான மனிதர், ஆனால் கெட்டவர் அல்ல. பெரிய பெட்டி ஒன்றை மேசையில் வைத்துப் பிளக்கைச் சொருகினார். அலைவரிசையை எண்ணிக் காட்டுகிற கருவி. அது ஒரு முறை கண் சிமிட்டிவிட்டு அணைந்தது. மறுபடி போட்டார், மறுபடி அணைந்தது. சித்திரை மாதம், நூற்று அறுபது வோல்டேஜ்! சங்ககிரி மோட்டார்களே முனகுகிற நேரம், மதராஸ் பெட்டிக்கு என்ன தெரியும்?

"கருவி வேலை செய்யலைன்னா நான் செட்டைத்தான் எடுத்துட்டுப் போகணும்மா" என்றார்.

"சார், அதுக்குள்ள நானே அளந்து காட்டறேனுங்க" என்றார் வசந்தாமணி. செட் லாரி பேட்டரியில் ஓடியது. அதற்குக் கரண்ட் தேவையில்லை. பல்பு எரிந்தது, கோல் வைத்தோம், பல்பு தாண்டி எரிந்தது. ஆய்வாளர் குனிந்து பார்த்தார்.

"துணிக்கடைக் கோலாலயா அலைவரிசையை அளக்கறீங்க?"

"ஆமாங்க சார். ஆனா அரசாங்க முத்திரை இருக்குதுங்க, பாருங்க."

அவர் உண்மையாகவே முத்திரையைப் பார்த்தார், வருஷத்தைக்கூடப் படித்தார். உதட்டோரம் லேசாக அசைந்தது. ஆனாலும் தலையாட்டினார். "எனக்குப் புரியுதும்மா. ஆனா அறிக்கையில எண் எழுதணுமே."

"எண்ணா? ஒரு நிமிசம் இருங்க சார்." வசந்தாமணி மூலையிலிருந்த ஒரு கனத்த இரும்புப் பெட்டியை இழுத்து வந்தார். மோட்டார்களைச் சோதித்துப் பார்ப்பதற்காக அவரே சுற்றிவைத்த பூஸ்டர். குமிழைத் திருகித் திருகி நூற்று அறுபதை இருநூற்று முப்பதாக ஏற்றினார். "இப்ப போடுங்க."

மதராஸ் பெட்டி எரிந்தது. சிவப்பு எண்கள் ஓடின. ஒன்று, நான்கு, ஐந்து, புள்ளி, ஐந்து. அங்கேயே நின்றன, அசையவில்லை. ஆய்வாளர் இரண்டு முறை அணைத்துப் போட்டுப் பார்த்தார். அதே எண்.

கடைசியாக ஒரு சோதனை பாக்கியிருந்தது. சுரங்கத்துச் செட்டோடு செங்கோட்டையனை வரவழைத்து ரோட்டுக்கு அந்தப் பக்கம் நிறுத்தியிருந்தார்கள். வசந்தாமணி மைக்கில் பேசினார். கேட்கிறதா என்று ஆய்வாளர் ரோட்டைப் பார்த்துக் கையை ஆட்டிக் கேட்டார்.

செங்கோட்டையன் செட்டைக் காதோடு அழுத்திக்கொண்டார். வாடிப்போன முகத்தோடு கத்தினார். "ஒண்ணுமே கேக்கலீங்க சார்! அம்மா பேசறது சுத்தமா கேக்கலீங்க!"

கடைக்குள் எல்லோரும் சிரித்துவிட்டோம், ஆய்வாளர் உட்பட. அவர் படிவத்தை எடுத்து எழுத உட்கார்ந்தார். செட் சரி, உரிமம் தொடரலாம். பிறகு நிமிர்ந்து, "சின்னராஜ் ரீவைண்டிங் ஒர்க்ஸ்" என்ற பலகையைப் பார்த்தார். "நிலையம் மாற்றியமைத்தவர் பெயர்" என்ற கட்டத்துக்குப் பேனாவைக் கொண்டுபோனார். "நீங்கதானே? சின்னராஜ்..."

"இல்லீங்க சார்" என்றார் சின்னராஜ். பத்து வருஷமாக அவர் சொல்லிச் சொல்லி யாரும் காதில் வாங்காத வார்த்தை. இந்த முறை முன்னால் வந்து, சுவரில் மாட்டியிருந்த கண்ணாடிச் சட்டத்தைக் கழற்றி மேசையில் வைத்தார். "நான் கம்பி இழுத்துக் கட்டுனதோட சரிங்க. கட்டுனது, மாத்துனது, அளந்தது எல்லாம் அவங்கதானுங்க. இந்தப் பேரைப் பாத்து எழுதிக்கங்க."

ஆய்வாளர் பார்த்து எழுதினார். வசந்தாமணி திரும்பி நின்றுகொண்டு, சுத்தமாக இருந்த மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

நான் நாலு மணி பஸ்ஸைப் பிடித்துச் சேலம் வந்தேன். கோலைக் கடையில்கூட வைக்காமல் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மாடியேறி செட்டைப் போட்டேன். மணி ஆறு.

இரைச்சல் சட்டென்று விலகியது. பக்கத்து அறையிலிருந்து பேசுவது போல அந்தக் குரல் வந்தது. அழைப்புக்குறியைச் சொன்னது, ஊரைச் சொன்னது, பெயரைச் சொன்னது. பிறகு, பழகிப்போன பயத்தோடு கேட்டது. "யாருக்காவது கேக்குதுங்களா?"

விதிமுறைப்படி அழைப்புக்குறி சொல்லி, ஒலியின் பலத்தை எண்ணில் சொல்ல வேண்டும். எல்லாம் பிறகு சொன்னேன். முதலில் வாயில் வந்தது செங்கோட்டையனின் வார்த்தைதான்.

"கேக்குதுங்கம்மா" என்றேன். "நல்லா கேக்குதுங்க."

பிறகு வசந்தாமணி கேட்டார், "உங்க ஊர்ல மழைங்களா?"

சித்திரை வெயிலில் காய்ந்த மாடித் தரை இன்னும் கொதித்துக்கொண்டிருந்தது. ஆமாங்க, நல்ல மழை என்றேன்.